மலைக்குப் போனவன் வரைந்த ஏழு படங்கள்

பாலக்காட்டுக்குக் கிளம்பிய நான் முதலில் போய்ச் சேர்ந்தது பாலா என்கிற வேறோர் ஊருக்கு. இதைச் சொல்லிவிட்டால் என்னைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வண்டிப்பெரியாறு ஸ்டாண்டில் விடியற்காலைப் பனிக்குள் நின்றுகொண்டு ஒரு கண்டக்டர் "பாலா, பாலா" என்று கூவினார். ஊர்ப் பேரை இந்தக் காலத்தில் யார் முழுசாகச் சொல்கிறார்கள்? பாலக்காட்டைத்தான் செல்லமாகக் கூப்பிடுகிறார் என்று ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது எங்கள் அங்கன்வாடி ஜெஸ்ஸி டீச்சர். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக்குவது அவர் பொறுப்பு. "நான் சிரிச்ச இடத்தை விட்டுராதீக டீச்சர், அழுத இடம் போனா போகட்டும்" என்று சொல்லியிருக்கிறேன்.

என் மகன் குமரேசன் பாலக்காட்டில் ஆறு வருஷமாக இருந்தான். கடைச் சுவர்களில் விளம்பரம் வரைவது பிழைப்பு. கல்பாத்தியில் பார்வதி டீச்சர் வீட்டு மச்சில் வாடகைக்கு இருந்தான். டீச்சர் பள்ளிக்கூடத்தில் டிராயிங் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு போனில் பேசுவான். கொஞ்ச நாளாக அதுவும் நின்றுபோயிருந்தது. நான் கூப்பிட்டால் ஒரு பெண்தான் மலையாளத்தில் ஏதோ சொல்லும். எத்தனை தரம் கூப்பிட்டாலும் சலிக்காமல் அதையே சொல்லும். "ஏட்டி, அவன்கிட்ட குடுட்டி" என்று நானும் சலிக்காமல் சொன்னேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை பார்வதி டீச்சரே கூப்பிட்டார்.

"முத்தம்மா, குமரேசன் அங்க வந்து சேர்ந்தானோ? ஞாயித்துக்கிழமை அவனோட படமெல்லாம் ஹால்ல மாட்டறோம். போன் பண்ணினா கிட்டவே மாட்டேங்கறது."

"இங்க எங்க வந்தான் டீச்சரம்மா? அவன் அங்கதான இருக்கான்?"

டீச்சர் குரலை இறக்கிச் சொன்னார். "மலைக்குப் போறேன்னு சொல்லிண்டு போய் ஏழு வாரமாச்சே."

மண்டல காலத்தில் கறுப்பு வேட்டியோடு ஒருவன் மலைக்குப் போகிறேன் என்றால் பாலக்காட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஐயப்பன் மலை. சாமியைப் பார்த்துவிட்டு அப்படியே அம்மாவிடம் போயிருப்பான் என்று அவர் நினைத்திருக்கிறார். என் மகனுக்குக் கோயில் பழக்கமே கிடையாது. பெயிண்ட் கறை தெரியக்கூடாது என்று வருஷம் முழுக்கக் கறுப்புதான் கட்டுவான். எங்கள் ஊரில் மலை என்றால் எங்கள் மலை. மலைக்குப் போகிறேன் என்றால் வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் பேச்சு. அவன் என்னிடம் இருக்கிறான் என்று அவரும், அவரிடம் இருக்கிறான் என்று நானும் நினைத்து இரண்டு பேரும் சும்மா இருந்திருக்கிறோம்.

"வந்து படத்தைப் பாருங்கோ முத்தம்மா," என்றார் டீச்சர். "எனக்கு அதுகளைப் பாத்தா பயமா இருக்கு. ஒரே இருட்டு. அவன் மனசுல என்ன இருக்குன்னு பெத்தவளுக்குத் தெரியாதோ?"

லயத்தில், தேயிலைத் தோட்டத்து எங்கள் வரிசை வீடுகளில், எல்லோரும் தைரியம் சொன்னார்கள். பழனி, ராமேஸ்வரம் என்று சுற்றிவிட்டு வருவான் என்றார்கள். நான் வேறு மாதிரி யோசித்தேன். அவன் ஒரு நாளும் எனக்குக் காகிதம் போட்டதில்லை. போட்டால் இன்னொருத்தர் வாசித்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டும், அது அவனுக்குப் பிடிக்காது. என்னிடம் சொல்ல ஏதாவது இருந்திருந்தால் படத்தில்தான் வைத்திருப்பான். வருவானா மாட்டானா என்று அதில் இருக்கும். அதை வாசிக்கத்தான் புறப்பட்டேன்.

பாலாவில் இறங்கியதும் கண்டக்டருக்கு என்னைவிட வருத்தம். "அம்மா, பாலா வேறே, பாலக்காடு வேறே" என்று மலையாளத்தில் பத்துத் தரம் சொல்லி, ஒரு டீக்கடைக்காரரிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனார். டீக்கடைக்காரர் என் கையில் பழம்பொரி என்று ஒரு வாழைப்பழ பஜ்ஜியைக் கொடுத்து, அது ஆறுவதற்குள் என் கதை முழுவதையும் கேட்டுவிட்டார். அந்தப் பழம்பொரியைச் சொல்ல வேண்டும். வெளியே மொறுமொறு, உள்ளே பழம் வெல்லப்பாகாக இருந்தது. மகனைத் தேடிப் போகிறவளுக்கு இவ்வளவு ருசி தெரியலாமா என்று நினைத்துக்கொண்டே இரண்டாவதையும் தின்றேன். டீத்தூள் மட்டும் சகிக்கவில்லை. நாங்கள் பறித்துப் போடுவது எங்கேதான் போகிறதோ.

அடுத்த பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒரு பெண். மடியில் முருங்கைக்காய்க் கட்டு. பாலக்காட்டுக்குக் கிழக்கே சொந்த ஊராம்.

"ஏனுங்க அக்கா, எங்கீங்க போறீங்க?"

"மகனைப் பாக்கப் போறேன் தாயி."

"பையன் என்னுங்க பண்றாரு?"

"படம் வரையுறான்."

"சாமிப் படமுங்களா? அப்ப எனக்கொண்ணு சொல்லி வையுங்க. ஊட்டு நடையில மாட்டிக்கறேன்."

"என்ன படம்னு எனக்கே தெரியாது. போய்த்தான் பாக்கணும்."

"பெத்தவீங்களுக்கே தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டு, கேட்டது தப்போ என்று நினைத்தாளோ என்னவோ, நாலு முருங்கைக்காயை உருவி என் பையில் சொருகினாள். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வழியில் பஸ் டயர் வேறு படுத்துவிட்டது. டிரைவர், கண்டக்டர், பயணிகள் என்று எட்டு ஆண்கள் ஒரு சக்கரத்தைச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். கழற்றியது ஒருவர்தான்.

பாலக்காட்டை நெருங்கியதும் கண்ணுக்கெட்டிய மட்டும் தட்டையாகக் கிடந்த வயலைப் பார்த்தேன். நடுநடுவே பனைமரம். எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு மலை நிற்கும். இங்கே ஒன்றுக்குப் பின்னாலும் ஒன்றும் இல்லை. என் பிள்ளை ஆறு வருஷம் இந்த வெட்டவெளியில் எதைப் பார்த்துக்கொண்டு இருந்தான்?

டீச்சர் வீட்டு வாசலில் தயங்கி நின்றேன். அந்தத் தெருவும் கோலமும் வேறு மாதிரி. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பை மட்டும் அங்க விடுங்கோ. உங்களை விடச் சொல்லலை," என்றார் டீச்சர். எழுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, வாய் மட்டும் மெலியவில்லை. மொளகூட்டல் என்று ஒன்று பரிமாறினார். பருப்பும் தேங்காயும் காயும் குழைந்து, காரம் என்பதே இல்லாமல் இருந்தது. "இதத் தின்னுட்டு எப்படி டீச்சரம்மா கோவப்படுவீக?" என்றேன். "அதுக்குத்தான் ஊறுகாய் இருக்கே" என்றார்.

மச்சறையைத் திறந்து காட்டினார். பாய் சுருட்டி வைத்திருந்தது. தூரிகைகள் கழுவித் துடைத்து வரிசையாக இருந்தன. துணிமணி ஒன்றும் இல்லை. குமரேசன் எதையும் ஒழுங்காக வைக்கிற ஆளே இல்லை. அந்தச் சுத்தத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. டீச்சரிடம் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், திங்கட்கிழமை காலையில், ஹாலுக்குப் போனோம். வெள்ளைச் சுவரில் ஏழு படங்கள். ஆறு படம் கறுப்பு, ஒரு படம் மட்டும் வெளிச்சம். வாசலில் ஒரு நோட்டு இருந்தது. பார்த்தவர்கள் அதில் மனதில் பட்டதை எழுதுகிறார்கள். டீச்சர் எனக்கு வாசித்துக் காட்டினார்.

முதல் படம் முழுக்க இருட்டு, கீழே ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. ஒருவர் எழுதியிருந்தாராம்: 'அடக்கி வைத்த கோபம்.' இன்னொருவர்: 'ஆறாத காயம்.'

நான் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். "எங்க அடுப்பு டீச்சரம்மா," என்றேன்.

"என்னது?"

"காலையில நாலு மணிக்கு லைட்டப் போடமாட்டேன், பிள்ளை தூக்கம் கெட்டுரும்னு. இருட்டுலயே அடுப்ப ஊதுவேன். அவன் படுத்துக்கிட்டே பாத்தா இப்படித்தான் தெரியும். தரையோட தரையா தெரியுதுல்ல? படுத்திருக்கவன் பாக்குறது."

இரண்டாவது படத்தின் முன்னால் தாடி வைத்த ஒரு காலேஜ் வாத்தியார் நின்று தன் சிநேகிதரிடம் மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் காதோடு மொழிபெயர்த்தார்: "செத்தவா நடந்து போறாளாம். முகமே இல்லாம பண்ணியிருக்கானாம், மனுஷாளுக்கு அடையாளம் போயிடுத்துன்னு காட்டறதுக்கு."

கறுப்புச் சரிவில் வெள்ளை வெள்ளையாக மூட்டைகள் போல உருவங்கள். முகம் இல்லைதான். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தாடிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"செத்தவுக இல்ல சார், நாங்கதான். மழைக்குத் தலையில பிளாஸ்டிக் சாக்கப் போட்டுக்கிட்டுக் கொழுந்து பறிக்கோம். குனிஞ்சு பறிச்சா மூஞ்சி எங்க தெரியும்? இந்தா மூணாவதா நிக்கது நான். இடது தோள் இறங்கியிருக்கு பாருங்க." என் தோளைக் காட்டினேன். படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்குத் தமிழ் புரிந்தது. தாடிக்குள் சிரித்துவிட்டு, "அப்படியென்றால் இது உங்கள் போட்டோ" என்றார்.

மூன்றாவது படத்தில் மேலே இருந்து ஒரு கொக்கி தொங்கியது. சுற்றிலும் ஒன்றுமில்லை. டீச்சர் அதை மட்டும் கடந்துபோகப் பார்த்தார். "இது முன்னாடி மட்டும் என்னால நிக்க முடியலை. நோட்டுல எல்லாரும் தூக்குன்னே எழுதியிருக்கா."

"கொழுந்து நிறுக்கிற தராசுக் கொக்கி டீச்சரம்மா. பை மாட்டாம இருக்கு, அவ்வளவுதான். சின்னதுல அதுல தொங்கி ஆடுவான். என் எடை என்னம்மா, என் எடை என்னம்மான்னு."

டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான். ஏழு வாரமாக அந்தக் கொக்கியை நினைத்துத் தூங்கியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. நாலாவது படத்தில் இருட்டுக்குள் இரண்டு மஞ்சள் கண்: பிசாசு இல்லை, எங்கள் கறுப்பு ஆடு, டார்ச் அடித்தால் அப்படித்தான் முழிக்கும். ஐந்தாவது, முடிவே இல்லாத இருட்டுக் குகை: கரண்ட் போன லயம், ஏழாவது கதவு எங்களுடையது. ஆறாவது, புகைக்குள் கரைகிற மனிதன்: மூடுபனியில் ஜீப்புக்கு நிற்கும் அவன் மாமன், கைலியை மடித்துக் கட்டிய தினுசைப் பார்த்தாலே தெரியும். பின்னால் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். தாடிக்காரர் மலையாளத்தில் அவர்களுக்குச் சொல்லச் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை வீட்டைத்தான் வரைந்திருக்கிறான். வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தவன் வராமல் எங்கே போவான்?

"கடைசிப் படத்தைப் பாருங்கோ," என்றார் டீச்சர் உற்சாகமாக. "அதுதான் எல்லாருக்கும் பிடிச்சது. அமைதியா இருக்கு. விடியறதுன்னு எழுதியிருக்கா. நம்பிக்கைன்னு எழுதியிருக்கா. வாங்கறதுக்குக்கூட ஒருத்தர் கேட்டார்."

வெளிச்சமான படம். இளமஞ்சள் வானம். கீழே சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் குட்டையான கிளைகள், வெட்டிய வாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பளபளத்தது. தூரத்தில் பார்த்தால் பூத்த மாதிரி இருக்கும். மேலே மூலையில் ஆமை போல ஒரு பாறை.

கவ்வாத்துப் போட்ட காடு. தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருதரம் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அது ஆண்கள் வேலை. என் வீட்டுக்காரர் எங்கள் தோட்டத்தில் அதில் முதல் ஆள். வெட்டின காட்டைப் பார்த்தால் எரிந்த சுடுகாடு மாதிரி இருக்கும், ஆனால் மூணு மாசத்தில் துளிர்த்துவிடும். எனக்கு அது வாய்வரை வந்துவிட்டது. சொல்லப் போனவள் ஒவ்வொரு செடியாகப் பார்த்தேன். முதல் வரிசை பார்த்தேன். இரண்டாவது வரிசை பார்த்தேன். மூன்றாவதும்.

கவ்வாத்து வெட்டும்போது செடிக்கு ஓரத்தில் ஒரு கொப்பை, ஒரு சின்னக் கிளையை, இலையோடு வெட்டாமல் விடுவார்கள். மூச்சு விட விடுகிற கொப்பு. எல்லாவற்றையும் வெட்டிவிட்டால் செடி மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பார் என் வீட்டுக்காரர். குமரேசன் ஒன்பது வயசில் அப்பாவின் கத்தியை எடுத்து விளையாட்டாக ஒரு செடியை முழுசாக வெட்டிவிட்டான். அவர் அவனை அடித்த ஒரே அடி அன்றைக்குத்தான். அந்தச் செடி பட்டுப்போனது. பட்டுப்போன செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவன் மாசக்கணக்கில் அங்கே போய்க்கொண்டிருந்தான்.

படத்தில் ஒரு செடியில்கூட அந்தக் கொப்பு இல்லை.

அவனுக்கு மறந்திருக்காது; தெரிந்தேதான் மூச்சுக்கு இடம் விடாமல் வரைந்திருக்கிறான். அவன் அப்பா மூணு வருஷத்துக்கு முன்னால் மூச்சு இளைத்துச் செத்தார். ஒரு பகல் முழுக்கக் காற்றுக்குத் தவித்து, குமரு குமரு என்று கேட்டார். அவன் அப்போது ஒரு ஜவுளிக்கடைச் சுவரில் சாரத்தின் மேல் நின்று சிரிக்கிற பெண்ணின் முகம் வரைந்துகொண்டிருந்தான். கீழே இறங்கித்தான் போனைப் பார்த்திருக்கிறான். மண்ணைப் போட்ட பிறகு வந்து சேர்ந்தான். வந்தவன் அழவில்லை. பிறகு வீட்டுக்கு வந்ததே இல்லை, போன்தான்.

"என்ன முத்தம்மா, ஒண்ணும் சொல்லமாட்டேங்கறேள்?"

"டீச்சரம்மா, இது நல்ல படம் இல்ல. போலீஸுக்குப் போகணும்."

தாடிக்காரர்தான் தன் காரில் கூட்டிப்போனார். ஸ்டேஷனில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். எல்லாம் மலையாளம், டீச்சர் எனக்குச் சொன்னார். வயது என்ன, என்ன உடுத்தியிருந்தான், யாரோடாவது சண்டையா. பிறகு கேட்டார்: "போகும்போது ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போனானா?"

"வெச்சிருக்கான் சார்," என்றேன். "ஹால்ல மாட்டிருக்கு. வாங்க, நான் வாசிச்சுச் சொல்லுதேன்."

அவர் சிரிக்கவில்லை. தாடிக்காரர் போனில் எடுத்திருந்த படத்தை மேசையில் வைத்தார். நான் விரலை வைத்து வைத்துச் சொன்னேன். கொப்பைப் பற்றிச் சொன்னேன். பாறையைக் காட்டினேன். "இது ஆமைப்பாறை. எங்க லயத்துக்கு மேல, தோட்டத்துல பூட்டிக்கிடக்க டிவிஷன். அங்க இப்ப வாட்ச்மேனத் தவிர யாரும் போறதில்ல. மலைக்குப் போறேன்னு சொன்னது இந்த மலைக்குத்தான் சார்." அவனைத் தேடி இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், அவன் என் வீட்டுக்கு மேலேயே இருக்கிறான், அல்லது இருந்தான். அதிகாரி எங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். நான் சொன்ன பாறையின் பேரை மூன்று தரம் திருப்பிச் சொன்னார்.

மூன்றாம் நாள் திரும்பிய பயணத்தில் எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. டீச்சர் கட்டிக்கொடுத்த தயிர்சாதம் பிரிக்காமலே என்னோடு வந்தது. வண்டிப்பெரியாறில் இறங்கினால் லயத்து ஆண்கள் ஜீப்போடு நின்றார்கள். என் தம்பி முன்னால் வந்தான்.

"அக்கா, இருக்கான். உசுரோட இருக்கான்."

ஆமைப்பாறைக்குக் கீழே, முன்பு காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரித்த பழைய ஷெட்டில் இருந்தான். ஏழு வாரமும் அங்கேதான். தோட்டத்துக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன் அவன் கறுப்பு வேட்டியையும் தாடியையும் பார்த்து, வழி தப்பின ஐயப்ப சாமி என்று நினைத்துக் கஞ்சி கொடுத்து வந்திருக்கிறார். அந்த ஷெட்டில் நின்று பார்த்தால் எங்கள் லயத்துக் கூரை தெரிகிறது. என் அடுப்புப் புகையைத் தினமும் பார்த்திருப்பான். இறங்கி வரவில்லை.

நான் போனபோது இரண்டு போலீஸ்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சுற்றிலும் வெட்டாமல் விட்ட தேயிலை மரமாக வளர்ந்து நின்றது. எலும்பும் தோலுமாக இருந்தான். யார் கேட்டும் வாய் திறக்கவில்லையாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிரித்தேன். அது புளித்துப்போயிருந்தது.

"படமெல்லாம் பாத்தேன் குமரு," என்றேன். "அடுப்பு பாத்தேன். ஆடு பாத்தேன். கடைசிப் படமும் பாத்தேன். எனக்குத்தான எழுதுன? வாசிச்சிட்டேன்."

புளித்த சாதத்தைப் பார்த்தபடி அவன் வாயைத் திறந்தான்.

"அது உனக்கு இல்லம்மா. அப்பாவுக்கு."

பொட்டலத்தை மடித்து வைத்தேன். அப்புறம் சொன்னேன். "அவுக வாசிக்க மாட்டாக. நான்தான் இருக்கேன். எந்திரி."

எழுந்தான். நாலு பேர் பிடித்துக் கீழே கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பக்கத்தில் உட்கார்ந்து பாலா போன கதை, முருங்கைக்காய்க் கதை எல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். அன்றைக்குச் சொன்னதற்கு மேல் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.